கார் விபத்து நேர்ந்த உடனே செய்ய வேண்டியவை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலைகளுக்கான நடைமுறை

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுச் செல்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வரும் மாநில நெடுஞ்சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் மாநில நெடுஞ்சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம்–வடகால், ஒரகடம் என்று அடுத்தடுத்து அமைந்த சிப்காட் வளாகங்களுக்கு வரும் கண்டெய்னர் லாரிகளும், புதிய கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும், ஷிப்ட் மாறும் வேளையில் வரிசையாகப் புறப்படும் கம்பெனி பஸ்களும், அவற்றுக்கு இடையே வீடு திரும்பும் ஆயிரக்கணக்கான இருசக்கர வாகனங்களும் இதே சாலைகளில்தான் ஓடுகின்றன. ஆகவே இங்கே ஒரு கார் மோதி நின்றுவிட்டால் ஆபத்து அந்த மோதலோடு முடிவதில்லை. பின்னால் வரும் கனரக வாகனம் நின்றுபோன காரின் மீதும், உதவிக்கு ஓடி வந்தவர்கள் மீதும் மோதும் இரண்டாவது விபத்தே பல வேளைகளில் அதிக உயிர்களை வாங்குகிறது. இந்த அத்தியாயம் பரிந்துரைக்கும் வரிசை அந்த உண்மையைச் சார்ந்தது: முதலில் இடம், அடுத்து அழைப்பு, அதன் பின் ஆள், ஆதாரம், ஆவணம். காயமடைந்தவரை நோக்கி ஓடும் மனம் இயல்பானதுதான். ஆனால் இடத்தைப் பாதுகாக்காமல் ஓடுகிறவர், காயமடைந்தோர் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிவிடக்கூடும்.

முதல் இரண்டு நிமிடங்கள்: இடத்தைப் பாதுகாத்தல்

1. காரை நிறுத்தி எஞ்சினை அணைத்து, கைப்பிரேக்கை இழுத்து, நான்கு திசைகாட்டி விளக்குகளும் ஒருசேர மின்னும் அபாய விளக்கைப் போட வேண்டும். விபத்தில் தொடர்புடைய வாகனத்தை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 132-ஆம் பிரிவு விதிக்கும் கடமை. மோதியது சிறிதா பெரிதா என்பதை ஓட்டுநர் தானே தீர்மானித்துக்கொண்டு போய்விட முடியாது.

2. காரில் இருப்பவர்கள் நடக்க முடிந்தால், போக்குவரத்து இல்லாத இடப்புறக் கதவு வழியாக இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். இரு பக்கமும் வாகனங்கள் பாயும் நடுத்திட்டிலும், மோதிக்கொண்ட இரு வண்டிகளுக்கு இடையிலும் ஒருவரும் நிற்கக் கூடாது.

3. காருடன் வழங்கப்பட்ட சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் வைக்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, உணர்ந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 30, 40 மீட்டர் போய்விடும். சுமை ஏற்றிய டிரெய்லர் அதன் பிறகும் நெடுந்தூரம் ஓடித்தான் நிற்கும். எனவே நெடுஞ்சாலையில் முக்கோணத்துக்கும் காருக்கும் இடையே நூறு மீட்டராவது இருப்பது நல்லது. வளைவோ மேம்பால இறக்கமோ இருந்தால் அதற்கு முன்பாகவே வைக்க வேண்டும். அதை வைக்கப் போகிறவர் சாலையின் ஓரமாக, வரும் வாகனங்களைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

4. பெட்ரோல் வாடை வந்தாலோ, புகை எழுந்தாலோ அருகில் எவரும் புகைக்காமல் பார்த்துக்கொண்டு, ஆட்களை உடனே அகற்ற வேண்டும். காற்றுப்பை விரிந்தபின் காருக்குள் பரவும் வெண்பொடியைப் புகை என்று எண்ணிப் பதறத் தேவையில்லை. மின்சாரக் காராக இருந்தால் ஆரஞ்சு நிற மின்வடங்களைத் தொடக் கூடாது. அவை உயர் மின்னழுத்தம் பாய்பவை.

5. யாருக்கும் காயமில்லை, வண்டி ஓடும் நிலையில் இருக்கிறது என்றால், ஒரு நிமிடத்தில் சில படங்களை எடுத்துக்கொண்டு காரைச் சாலையோரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். பலத்த காயமோ உயிரிழப்போ நேர்ந்திருந்தால், தீ அபாயம் இருந்தாலோ ஆளை மீட்க வேறு வழி இல்லாவிட்டாலோ தவிர, காவலர் வரும்வரை வண்டிகளை இருந்த இடத்திலேயே விட வேண்டும்.

இச்சாலைகளில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு விபத்து வகை உண்டு. விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்தப்பட்ட லாரியின் பின்புறத்தில் கார் செருகிக்கொள்ளும்போது, சுற்றி நிற்பவர்கள் கயிறு கட்டிக் காரைப் பின்னுக்கு இழுக்க முனைவதுண்டு. உள்ளே ஆள் சிக்கியிருக்கும்போது இப்படி இழுத்தால், நசுங்கிய தகடு உடலை மேலும் அறுக்கும். முதுகெலும்பு முறிவு மோசமாகும். லாரியின் எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்துவிட்டு, வெட்டுக் கருவி வைத்திருக்கும் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணித் துறையை அழைப்பதே முறை.

அழைப்பு: யாரை, என்ன சொல்லி

ஆம்புலன்சுக்கு 108, காவல், தீயணைப்பு உள்ளிட்ட எல்லா அவசரங்களுக்கும் 112. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண்ணான 1033, அந்த ஆணையத்தின் சாலைக்கு மட்டும் உரியது. ஒரகடம் சந்திப்பிலோ வல்லக்கோட்டைப் பக்கமோ மாநில நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு அந்த எண்ணை அழைத்தால் நிமிடங்கள்தான் வீணாகும்.

இடத்தைச் சொல்வதில் இப்பகுதிக்கே உரிய குழப்பம் ஒன்று உள்ளது. சென்னை–பெங்களூரு சாலையின் எண் 48. வண்டலூர்–வாலாஜாபாத் மாநில நெடுஞ்சாலையின் எண்ணும் 48. ஆகவே எண்ணைச் சொல்லாமல், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் சாலை, எந்தத் திசை நோக்கிய பக்கம், அருகில் எந்தத் தொழிற்சாலை வாயில் அல்லது மேம்பாலம், கிலோமீட்டர் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்பவற்றைச் சொல்ல வேண்டும். நடுத்திட்டு நீண்டு செல்லும் சாலையில் பக்கத்தைத் தவறாகச் சொன்னால், ஆம்புலன்ஸ் கண்ணெதிரே கடந்து போய், அடுத்த திருப்பத்தில் சுற்றி வர நேரிடும். அதன் பின், எத்தனை பேருக்குக் காயம், யாராவது நினைவிழந்திருக்கிறார்களா, யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்ற மூன்றையும் தெரிவித்துவிட்டு, எதிர்முனையில் இருப்பவர் வைக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க வேண்டும்.

காயமடைந்தவருக்கு முதலுதவி

காயமேற்பட்ட பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தை மோட்டார் வாகனச் சட்டம் பொன்னான நேரம் என்று வரையறுக்கிறது. உடனடிச் சிகிச்சையால் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகமாக இருக்கும் நேரம் அது. ஆம்புலன்ஸ் வரும்வரை செய்ய வேண்டியவற்றின் வரிசை பின்வருமாறு.

1. அலறுகிறவரை விட அசைவற்றுக் கிடப்பவரையே முதலில் பார்க்க வேண்டும். அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது.

2. பேச்சுக்கும் தொடுதலுக்கும் அசையாமல், மூச்சும் இல்லாதவருக்கு மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இது இதய இயக்க மீட்பு எனப்படும்.

3. இரத்தம் பீறிட்டால், சுத்தமான துணியை மடித்து வைத்து, கையால் விடாமல் அழுத்த வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைக்க வேண்டும். உடலில் கம்பியோ கண்ணாடித் துண்டோ குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. இரத்தத்தை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதுவேதான்.

4. மூச்சு இருந்தும் நினைவிழந்து வாந்தியெடுப்பவரை, தலையும் கழுத்தும் உடலும் ஒரே கோட்டில் இருக்குமாறு தாங்கிப் பிடித்து, மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

5. கார் மோதி விழுந்தவர் இருசக்கர வாகன ஓட்டியாக இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற அவசரப்படக் கூடாது. முகமறைப்பைத் திறந்துவிட்டாலே போதும். மூச்சுத் தடைபட்டால் மட்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க மற்றொருவர் கழற்ற வேண்டும்.

செய்யக் கூடாதவை. விபத்து நடந்த இடத்தில் தண்ணீரோ சோடாவோ கொடுப்பது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். நினைவு மங்கியவருக்கு அது மூச்சுக்குழலுக்குள் போய்விடக்கூடும். அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறவருக்கு மயக்க மருந்து கொடுப்பதையும் சிக்கலாக்கும். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கி வைப்பது அதைவிடக் கேடானது. ஆம்புலன்ஸ் வர வழியே இல்லை, இரத்தப்போக்கும் நிற்கவில்லை என்ற நிலையில் மட்டும், நீட்டிப் படுக்க இடமுள்ள வேனில், பலகையோ விறைப்பான விரிப்போ கொண்டு ஏற்ற வேண்டும்.

உதவ வருபவர்கள் வழக்குக்கு அஞ்சித் தயங்கத் தேவையில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 134ஏ பிரிவின்படி, நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது உரிமையியல், குற்றவியல் நடவடிக்கை எதுவும் எடுக்க முடியாது. பெயரையோ முகவரியையோ சொல்லுமாறு காவல்துறையும் மருத்துவமனையும் அவரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.

கூட்டம் கூடும்போது

இருசக்கர வாகனத்தில் வந்த தொழிலாளி மீது கார் மோதினால், சில நிமிடங்களில் அவருடைய சக தொழிலாளர்கள் திரண்டுவிடுவார்கள். அவர்கள் கோபத்தில் நியாயமும் இருக்கலாம். 134-ஆம் பிரிவு, காயமடைந்தவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதை ஓட்டுநரின் கடமையாக்கும்போதே, கூட்டத்தின் சினத்தால் அது இயலாமல் போகும் நிலைக்கு விலக்கும் அளித்துள்ளது. இந்த விலக்கு ஓடி ஒளிவதற்கான உரிமம் அன்று. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் ஓட்டுநர் 108-க்கும் 112-க்கும் சொல்லிவிட்டு, நேராக அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சென்று, நடந்ததையும் தாம் அங்கே வந்த காரணத்தையும் பதிவு செய்ய வேண்டும். அழைப்பு நேரங்கள் கைபேசியில் பதிவாகியிருப்பது பின்னர் அவருக்குச் சான்றாகும்.

வாய்த் தகராறில் இறங்குவதும், அங்கேயே ஒரு தொகையைப் பேசி முடித்து வெள்ளைத் தாளில் கையெழுத்திடுவதும் இரு தரப்பையும் பாதிக்கும். வாகனக் காப்பீட்டு ஒப்பந்தங்களின் பொது நிபந்தனை, நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்வதையும் பணம் தர வாக்களிப்பதையும் தடுக்கிறது. வாங்கிக்கொண்டு போனவருக்கோ, அன்று வெறும் வலியாகத் தோன்றிய தலைக்காயம் மறுநாள் மூளை இரத்தக்கசிவாகத் தெரியவரும்போது வழக்கும் இருக்காது, பதிவும் இருக்காது.

இதனினும் கடுமையாகக் கண்டிக்கத்தக்கது ஆள் மாற்றுதல். ஒப்பந்த வாடகைக் கார்கள் மிகுந்த இப்பகுதியில், ஓட்டியவருக்கு உரிமம் இல்லை என்றோ, அவர் குடித்திருந்தார் என்றோ வேறொருவரை ஓட்டுநராகக் காட்டச் சொல்லும் யோசனை தொலைபேசி வழியே வருவதுண்டு. பொய்யான தகவல் தருவது தனிக் குற்றம். சுங்கச்சாவடிக் கேமராவும் தொழிற்சாலை வாயில் கேமராவும் யார் ஓட்டினார் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். காப்பீடும் கைவிட்டுப் போகும். அந்த யோசனைக்கு இணங்கும் ஏழை ஓட்டுநர் செய்யாத குற்றத்துக்குச் சிறை செல்ல நேரிடும்.

ஆதாரம் சேகரித்தல்

1. அருகிலுள்ள பலகையோ கட்டடமோ தெரியும்படி நான்கு திசையிலிருந்தும் முழுக் காட்சியைப் படமெடுத்துவிட்டு, பிறகு நெருங்கிச் சென்று நம்பர் பிளேட், மோதிய பகுதி, தார்ச்சாலையில் பதிந்த டயர்த் தடம், சிதறிய கண்ணாடி ஆகியவற்றை எடுக்க வேண்டும். நின்றிருந்த லாரியில் மோதியிருந்தால், அதன் பின்விளக்கு எரிந்ததா, ஒளிதிருப்பும் பட்டை இருந்ததா என்பதும் படத்தில் தெரிய வேண்டும்.

2. கண்டெய்னர் லாரி இடித்துவிட்டு நிற்காமல் போனால், நம்பர் பிளேட்டைப் பார்க்க முடியாவிட்டாலும், பெட்டியின் பின்கதவில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் கொண்ட அந்த எண் உலகில் ஒரு பெட்டிக்கு ஒன்றே. அது எந்தத் துறைமுகத்திலிருந்து எந்த லாரியில் ஏறியது என்பதைக் காவல்துறையால் கண்டறிய முடியும்.

3. சாலையை நோக்கிய தொழிற்சாலைக் கேமராப் பதிவுகள் சில நாள்களில் தாமாகவே அழிந்து, அவற்றின் மேல் புதியவை பதியும். தனியார் ஒருவர் கேட்டால் நிறுவனக் காவலர் தரமாட்டார். எனவே எந்த வாயிலில் கேமரா இருக்கிறது என்பதைக் குறித்து, அதைப் பெற்றுப் பாதுகாக்குமாறு புகாரிலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

4. பார்த்த இருவருடைய பெயரையும் எண்ணையும் அவர்கள் விருப்பத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். ஷிப்ட் பஸ் கிளம்பிவிட்டால் சாட்சியும் அதோடு கிளம்பிவிடுவார்.

காயமடைந்தவர்களின் முகத்தைப் படமெடுத்துப் பரப்புவது ஆதாரமாகாது. செய்தி வீட்டுக்குப் போகுமுன் படம் போய்ச் சேர்வது ஒரு குடும்பத்துக்கு இழைக்கும் கொடுமை.

காவல் நிலையமும் மருத்துவமனைப் பதிவும்

சம்பவ இடத்தில் காவலர் இல்லையெனில், ஓட்டுநர் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் தகவல் தர வேண்டும். எல்லை தங்களுடையது அல்ல என்று ஒரு நிலையம் திருப்பி அனுப்ப இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்ய வழிசெய்கிறது. முதல் தகவல் அறிக்கை எனப்படும் எப்.ஐ.ஆரின் படியைப் புகார் தந்தவர் கட்டணமின்றிப் பெறலாம். அது உடனே பதிவாகாவிட்டால், புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதையாவது கையில் வாங்காமல் திரும்பக் கூடாது.

இழப்பீட்டு வழக்குகளில் பலரும் கவனிக்காமல் விடும் ஆவணம், மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு. ஏ.ஆர். என்று வழங்கும் இதில், காயம் எப்படி நேர்ந்தது என்பதைக் கொண்டுவந்து சேர்த்தவர் சொல்வதை வைத்துப் பணி மருத்துவர் எழுதுகிறார். பதற்றத்திலோ, வழக்கு வேண்டாமென்ற எண்ணத்திலோ, "வண்டியிலிருந்து தானாக விழுந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டால், மாதங்கள் கழித்துக் காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரு வரியைக் காட்டியே கோரிக்கையை மறுக்கும். நாள், நேரம், சாலை, மோதிய வாகனத்தின் வகை, தெரிந்தால் அதன் எண் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பேசுகிறவர் தமிழறியாத வடமாநிலத் தொழிலாளியாக இருந்தால், உடன் பணிபுரிவோரில் மொழி தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொள்வது அவசியம்.

சிகிச்சைச் செலவு

முன்பணம் இல்லை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தமிழ்நாடு அரசு ஏற்கிறது. தமிழக எல்லைக்குள் விபத்துக்குள்ளானவர் எந்த மாநிலத்தவராக, எந்த நாட்டவராக இருந்தாலும், முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லாதவராக இருந்தாலும், இதில் அடங்குவார். விடுதிகளில் தங்கி வேலை செய்யும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட வேண்டிய செய்தி இது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, விபத்து நாளிலிருந்து ஏழு நாள்வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரையில், நியமிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பணம் செலுத்தாமல் சிகிச்சை பெறலாம். இரண்டுக்கும் மருத்துவமனை பட்டியலில் இருக்க வேண்டும் என்பதால், எங்கே கொண்டு செல்வது என்பதை 108 ஊழியரிடமே கேட்டு முடிவு செய்வது நல்லது.

காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்தல்

பாலிசி எண், அதன் காலம், விபத்தின் நாள், நேரம், இடம், காயமடைந்தோர் அல்லது இறந்தோர் விவரம், ஓட்டுநரின் பெயர், உரிம விவரம் ஆகியவற்றை எழுத்தில் தருவதும் 134-ஆம் பிரிவின் கடமைதான். அதே நாளில் தொலைபேசியில் சொல்லிக் கோரிக்கை எண்ணைப் பெற்று, பின் மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் பழுதுபார்க்கத் தொடங்கக் கூடாது. அடிப்பகுதி அடிபட்ட காரையும் தண்ணீரில் இறங்கிய காரையும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. அதனால் எஞ்சினுக்கு வரும் சேதத்தை விபத்துச் சேதமாக நிறுவனம் ஏற்காது.

இடித்த வாகனம் கடைசிவரை தெரியாமல் போனாலும் வழி அடைபடவில்லை. 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திட்டத்தின்படி, இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். அதற்கான விண்ணப்பம் வருவாய்த் துறை அலுவலர் மூலம் செல்கிறது.

வேலைக்குப் போகும்போது, வரும்போது நேர்ந்தால்

இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவானவர், வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்துக்குள்ளானால், நேரம், இடம், சூழல் ஆகியவை வேலையோடு தொடர்புடையவை என்று காட்டப்படும்போது அது வேலைக்காயமாகவே கருதப்படும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த உரிமை இது. இதற்குத் தேவையானவை ஷிப்ட் பட்டியல், வருகைப் பதிவு, வழக்கமாகச் செல்லும் வழி, விபத்து நேரத்தைக் காட்டும் ஏ.ஆர். படி ஆகியவை. ஒப்பந்தத் தொழிலாளியின் விபத்தை ஒப்பந்ததாரர் தெரிவிக்காமல் விட்டுவிடுவது அடிக்கடி நேர்வதால், தொழிலாளியோ குடும்பத்தாரோ, முதன்மை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கும் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும்.

மோதிய வாகனத்தின் காப்பீட்டாளரிடம் இழப்பீடு கோரும் மனுவை, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின் விதி. மனுதாரர் தாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் தாக்கல் செய்யலாம் என்பதால், ஒரகடத்தில் காலை இழந்து சொந்த ஊர் திரும்பிய தொழிலாளி வாய்தாதோறும் காஞ்சிபுரத்துக்கு ரயிலேற வேண்டியதில்லை. ஆனால் எப்.ஐ.ஆர்., ஏ.ஆர். படி, காயச் சான்றிதழ், மருத்துவமனைக் குறிப்பு, மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஊருக்குப் புறப்படும் முன்பே பெற்று எடுத்துச் செல்ல வேண்டும்.